ஆம்ப்ரோஸ் வாத்தியாரின் இருபத்து மூன்று ஆரம்பங்கள்

“அப்போ எங்க மாமாவ எங்கப்பாதான் கொன்னுட்டாருன்னு சொல்றீங்க?”

“நான் சொல்லல மிஸ். காகிதம் சொல்றது.”

“காகிதத்துக்கு வாய் இருக்கா? நீங்கதானே எடுத்து நீட்டுறீங்க!”

நீட்டிய கையை மடக்கிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்ரீகண்டன் அப்படியே நின்றான். ஜோசஃபின் அந்தத் தாளை வாங்கவும் இல்லை, வாங்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கையில் இருந்த பையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ‘அவசரம், உடனே வரவும்’ என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டவன் இவன்தான். கூப்பிட்ட பிறகு எப்படிச் சொல்வதென்று யோசிக்காமல் விட்டதும் இவன்தான்.

இது நடந்தது முப்பத்தெட்டாம் வருஷம், அக்டோபர் கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணி. இடம், பெங்களூரில் தண்டு என்று ஜனங்கள் சொல்கிற கண்டோன்மெண்ட் பக்கம், ஒரு தமிழ் வாசகசாலையின் பின்னறை. அங்கே ஏழு தகரப் பெட்டிகள். ஏழிலும் ஜோசஃபினின் அப்பா ஆம்ப்ரோஸ் வாத்தியார் விட்டுப்போன காகிதங்கள்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் துப்பறியும் நாவல் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எகிப்து ஆராய்ச்சி. பெரிய யுத்தத்தின்போது பட்டாளத்து சப்ளை டிப்போவில் குமாஸ்தாவாகக் கெய்ரோவுக்குப் போனவர். கூடப் போனவர்களெல்லாம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இவர் ஒரு எழுத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். பருந்து, பாம்பு, கண், அலை என்று படம்படமாக இருக்கும் அந்த எழுத்தை நம்முடைய மளிகைக் கடைப் போர்டு மாதிரி மளமளவென்று படிப்பார். அந்த ஆசையில் பதினான்கு நாவல் எழுதினார். பதினான்கிலும் ஒரு பிணம் உண்டு. அதிகமான நாவல்களில் அது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பிணமாக இருக்கும். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஜோசஃபின் பெட்டிகளை வாசகசாலைக்குக் கொடுத்தாள்.

ஸ்ரீகண்டன் அந்தப் பதினான்கு நாவலையும் இரண்டு தடவை படித்தவன். நாலாம் அத்தியாயத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவான். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்வான், ஆனால் அசராமல் சொல்வான். மல்லேஸ்வரத்தில் மைசூர் சர்க்கார் உத்தியோகக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் வீட்டில் பேசுவது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே வாத்தியாரின் நாவல்களை வைத்துத்தான். பெட்டிகளைப் பிரித்து வகைப்படுத்த ஆள் வேண்டும் என்றதும் வாசகசாலைக் காரியதரிசி சீனிவாசராகவன் வீட்டு வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்து அந்த வேலையை வாங்கினான்.

ஆறு வாரம் ஓடிவிட்டது. இன்று காலை ‘ஆரம்பங்கள்’ என்று அவனே பெயரெழுதிய கட்டிலிருந்து இந்தத் தாள் வெளியே வந்தது. கடைசியில் ஜோசஃபின் அதை வாங்கிப் படித்தாள்.

“நோராவிடம் எப்படிச் சொல்வேன்? ரெமிஜியஸை நேற்று முடித்தாயிற்று. கெஞ்சினான், நான் இளகவில்லை. அரளி விதையா, கிணறா என்று மூன்று நாள் யோசித்துக் கடைசியில் கிணற்றையே வைத்துக்கொண்டேன். இனி யார் தேடினாலும் அவன் கிடைக்கப் போவதில்லை. இவளோ இன்று மத்தியானமும் அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சோறு இறங்கியது என்பதுதான் எனக்கே ஆச்சரியம்.”

நோரா, ஜோசஃபினின் அம்மா. ரெமிஜியஸ், அம்மாவின் தம்பி.

இருபத்தொன்றாம் வருஷம் அக்டோபரில் ஒரு நாள் காலை, அத்திபெலேயில் ஒரு வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் அந்த மாமா. முதல் நாள் ராத்திரி அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய சத்தம். ஜோசஃபினுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பதினேழு வருஷமாகிறது, ஒரு கார்டு இல்லை. ரங்கூன் என்றார்கள், சிலோன் என்றார்கள், போலீஸ்காரர் ‘வருவார் போங்கம்மா’ என்றார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வீட்டுக்கு வீடு செத்தவர்களின் பெயரைப் பட்டியல் எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். சாமியார் பீடத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படிப்பார். நோரா வருஷா வருஷம் கொடுக்கிற பட்டியலில் அவளைப் பெற்றவர்கள் உண்டு, பிறந்து மூன்றாம் நாள் போன குழந்தை உண்டு, இப்போது புருஷனும் உண்டு. தம்பி கிடையாது. எழுதினால் அவன் செத்தான் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். எழுதாததால் ஒருவேளை அவன் எங்கேயோ ஜெபமில்லாமல் கிடக்கிறானோ என்று ஒவ்வொரு நவம்பரிலும் மூன்று நாள் அன்னம் ஆகாரம் இறங்காது. இந்த வருஷப் பட்டியல் ஜோசஃபினின் பையில் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

“இது கதைங்க,” என்றாள். குரல் மட்டும் அவள் சொன்னதை நம்பவில்லை. “எங்கப்பா கதை எழுதுறவரு. கதையில கொல்லுவாரு.”

“நானும் அப்படித்தான் மிஸ் நெனச்சேன். ஆனா பாருங்கோ, இது கதையோட நடுப் பக்கமா இருந்தா முன்னாடி ஏதாவது ஒட்டிண்டு வரணுமில்லையா? இது ஆரம்பம். இங்கேதான் ஆரம்பிச்சிருக்கார். கதைன்னா தலைப்புப் போட்டிருப்பார், அத்தியாயம் போட்டிருப்பார். ஒண்ணும் இல்ல. மனசுல இருந்ததை உக்காந்து எழுதின மாதிரின்னா இருக்கு?”

“ஆரம்பம்னு எப்படித் தெரியும்?”

“மேல பிள்ளையார் சுழி போட்டிருக்காரே!”

ஜோசஃபின் தாளின் தலையைப் பார்த்தாள். நடுவில், கோணாமல், ஒரு ‘உ’.

“பிள்ளையார் சுழியா? எங்கப்பாவா?”

“எல்லாரும் போடறதுதானே. எங்காத்துல வண்ணான் கணக்குக்கே போடுவா.”

“உங்காத்துல போடுவாங்க. எங்கப்பா தெனம் காலைல அஞ்சரை பூசைக்குப் போற மனுஷன். லெட்டர் எழுதுனா சிலுவை போட்டு ஆரம்பிப்பாரு.”

“அதான் மிஸ் எனக்கும் ஒரே குழப்பமா இருந்தது!” ஸ்ரீகண்டனுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் விஷயத்தின் கனமே மறந்துபோயிற்று. “இருபத்து மூணு தாள்ல போட்டிருக்கார். இருபத்து மூணு ஆரம்பம்! இது ஒண்ணைத் தவிர எல்லாமே பாதி வாக்கியத்துல ஆரம்பிக்கறது. இவர் ஏன் இத்தனை ஆரம்பிச்சு ஒண்ணையும் முடிக்கலைன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. மத்ததெல்லாம் சுலபம். அவரே மேல வகை எழுதி வச்சுட்டார்.”

“என்ன வகை?”

அவன் பெருமையாகக் கட்டுகளைக் காட்டினான். ‘க’ என்று போட்டதெல்லாம் கதை. ‘ச’ என்று போட்டதெல்லாம் சரித்திரம். ‘எ’ என்றால் எகிப்து. ‘அ’ என்றால் அகராதி. எகிப்து எழுத்துக்கு அவர் ஒரு அகராதி போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஊரறிந்தது. ‘ங’ என்று போட்ட தாள்கள்தான் உதைத்தன. ‘ங’வில் எந்த வார்த்தை ஆரம்பிக்கிறது? யோசித்து யோசித்து, அது ஙவே இல்லை, எகிப்துப் பாம்புப் படம் என்று கண்டுபிடித்து, தனிப் பெட்டியில் வைத்திருந்தான்.

ஜோசஃபின் ஒரு கட்டைப் பார்த்தாள், இன்னொரு கட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் தண்ணீர் எடுக்க ஓடினான். திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, அது சிரிப்பு; ஆனால் கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“ஸ்ரீகண்டன். இது ஒண்ணு.” க. “இது ரெண்டு.” உ. “இது மூணு, பாம்பு இல்ல. இது நாலு. இது ஏழு, இது எட்டு. தமிழ் நம்பருங்க! எங்க செபப் புஸ்தகத்துல பக்க நம்பரெல்லாம் இப்படித்தான் இருக்கும். எங்கப்பா இங்கிலீஷ் நம்பர் போட மாட்டாரு, வீம்பு.”

அவன் டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துவிட்டான்.

கன்னட எண் தெரியும். இங்கிலீஷ் எண் தெரியும். தமிழுக்கென்று எண் இருப்பது அவனுக்கு யாருமே சொல்லாத சங்கதி. அச்சான நாவல்களில் பக்கமெல்லாம் இங்கிலீஷ் எண்தான். ஆறு வாரமாக ஒரு மனுஷனின் வாழ்நாள் எழுத்தையெல்லாம் முதல் பக்கங்களை ஒரு பெட்டியிலும், ஏழாம் பக்கங்களை ஒரு பெட்டியிலும், எட்டாம் பக்கங்களை ஒரு பெட்டியிலும் பிரித்துப் போட்டு, கட்டிப் பெயரெழுதி வைத்திருக்கிறான்.

இந்த நேரம் பார்த்துச் சீனிவாசராகவன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“ஏண்டா ஸ்ரீகண்டா. எகிப்துக்காரன் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால கல்லுல கொத்தினதை அந்த மனுஷன் படிச்சார். அவர் பத்து வருஷத்துக்கு முன்னால மசியில எழுதினதை உன்னால படிக்க முடியல.”

“ஸார், நாளைக்கே எல்லாத்தையும்...”

“நாளைக்கா? கேட்டலாக் நாளைக்குக் காலம்பர அச்சாபீசுக்குப் போறது. எந்தக் காகிதம் எந்தப் பெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண், ஒரு வகை. கதையா, கடிதமா, ஆராய்ச்சியா. ஸ்வல்ப சீக்கிரம் ஆகட்டும்.”

ஜோசஃபின் அதற்குள் எழுந்து மேஜையைத் துடைத்திருந்தாள். “இது ரெண்டாம் பக்கம்னா,” என்றாள், “முதல் பக்கம் இந்த ரூம்லதான் இருக்கு. அது என்ன சொல்லுதோ அதான் உண்மை. எடுங்க.”

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காகிதத்தை வைத்தோ மசியை வைத்தோ இனம் பிரிக்க வழியில்லை. வாத்தியார் எல்லாவற்றையும் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில், ஒரே கறுப்பு மசியில் எழுதியிருந்தார். வாக்கியத்தைப் படித்துத்தான் ஒட்ட வேண்டும். ஸ்ரீகண்டன் ஒரு ‘க’வின் கடைசி வரியை உரக்கப் படிப்பான், ஜோசஃபின் தன் கையிலிருக்கும் ‘உ’க்களின் முதல் வரியைப் படிப்பாள்.

“‘கதவைத் திறந்ததும் சப்இன்ஸ்பெக்டர் கண்டது’...”

“‘இரண்டு படி அரிசியும் ஒரு பிரேதமும்.’”

“சேர்றது! அடுத்தது. ‘ஆகவே அந்தப் பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ’...”

“‘தலைவலித் தைலம்.’ இல்ல, இல்ல. ‘அந்தப் பக்கத்திலிருந்தே படிக்க வேண்டும்.’”

“ஆஹா.”

சீனிவாசராகவன் ஒட்டியவற்றை நூல் போட்டுக் கட்டினார். நாலு மணிக்கு இருபத்திரண்டு ஜோடி சேர்ந்துவிட்டன. மேஜையில் மிச்சம் இருந்தது மூன்று தாள். ஒரு ‘உ’, அந்த ‘உ’தான்; அதைத் தொடரும் ‘ங’ எந்தப் பெட்டியிலும் இல்லை. ‘க’ மட்டும் இரண்டு.

“ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே?” என்றாள் ஜோசஃபின்.

“ஒண்ணோட ரெண்டாம் பக்கம் தொலைஞ்சிருக்கும். படிங்கோ, எது நம்மளுதுன்னு தெரிஞ்சுடும்.”

முதல் ‘க’வைப் படித்தாள்.

“அன்புள்ள டென்சில், நீ தங்கவயலிலிருந்து அனுப்பிய எகிப்துப் பாப்பிரசு ஏட்டுப் படங்கள் வந்தன. கெய்ரோ வெயிலில் உன் தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. மூன்றாவது நாவல் நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. வில்லனுக்குப் பெயர் அமையாமல் என் மைத்துனன் பெயரையே வைத்துவிட்டேன், அவன் ஊரில் இல்லாத தைரியம். கதை முடிந்தால் வீட்டில் வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்தத் தடவை மட்டும்”

“நோராவிடம் எப்படிச் சொல்வேன்?” என்று ஸ்ரீகண்டன் கத்தியே விட்டான். “சேர்ந்துடுத்து மிஸ்! கதைதான்! முடிச்சாச்சுன்னா கதையில முடிச்சாச்சு. கிணத்தை வச்சுண்டேன்னா கதையில வச்சுண்டார்!”

ஜோசஃபின் சிலுவை போட்டுக்கொண்டாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு விடுகிறவள் மாதிரி நாற்காலியில் சாய்ந்தாள். “ஏசுவே. இன்னொண்ணையும் படிச்சு வச்சுடுங்க, போகலாம்.”

ஸ்ரீகண்டன் இரண்டாவது ‘க’வை எடுத்தான். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது.

“நேற்றும் இன்றும் பூசைக்குப் போகவில்லை. போனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் உட்கார்ந்து பாவம் கேட்கிற சாமியாரிடம் சொல்லிவிடலாம், அவர் யாரிடமும் சொல்ல முடியாது. அது அவருடைய சட்டம். ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால்”

யாரும் அடுத்த வரியைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது அறைக்குள் கேட்டது.

“இதுவும் சேர்றதே,” என்றார் சீனிவாசராகவன், தமக்குத்தாமே.

“ஸார், இது கதையாவும் இருக்கலாம்!” ஸ்ரீகண்டன் எழுந்து நடக்க ஆரம்பித்தான். “அவரோட கொலைகாரா எல்லாரும் இப்படித்தான் பேசுவா. ‘நான்’னு சொல்லி எழுதறது அவருக்குப் பழக்கம். இந்தப் பக்கத்துக்கு வேற ரெண்டாம் பக்கம் இருந்து, அது தொலைஞ்சு போயிருக்கும்.”

“அப்போ டென்சிலுக்கு எழுதுனதுக்கு வேற ரெண்டாம் பக்கம் இருந்து, அது தொலைஞ்சு போயிருக்கலாமில்ல?”

“இருக்கலாம். ஆனா...” அவன் பாதியில் நின்றான். “மிஸ், மூணாவது நாவல்ல ரெமிஜியஸ்னு யாருமே இல்ல. வில்லன் பேர் ஹெர்பர்ட். சாகறதும் கிணத்துல இல்ல, ரயில்ல.”

“ஏன் இத முன்னாடியே சொல்லல?”

“இப்பத்தான் ஞாபகம் வந்தது. பின்னால மாத்தியிருக்கலாம்! உங்கம்மாவுக்குப் பயந்து மாத்தியிருக்கலாம்!”

“தட்டு,” என்றாள் ஜோசஃபின். “எங்கம்மா நெசமாவே மாமாவுக்குத் தட்டு வச்சாங்க. ஒரு வருஷம் வச்சாங்க. நான்தான் கழுவாமயே திருப்பி எடுத்து வைப்பேன்.”

“பார்த்ததை எழுத்துல போடறது எல்லா எழுத்தாளரும் பண்றதுதானே. உங்காத்துல... கிணறு இருக்கா?”

“ஜோகுபாளையத்துல எந்த வீட்டுல கெணறு இல்ல? இருந்துச்சு. குழாய் வந்தப்போ மூடிட்டோம்.”

“யார் மூடச் சொன்னா?”

ஜோசஃபின் யோசித்துப் பார்த்தாள். தெருவில் எல்லா வீட்டிலும்தான் மூடினார்கள். அப்பா மட்டும் கொஞ்சம் முன்னதாக மூடினாரா? எவ்வளவு முன்னதாக? ஒரு மாசமா, ஒரு வருஷமா? அவளுக்கு ஞாபகமே வரவில்லை. தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ‘இது ஆந்தை, இது ‘ம்’ என்ற சத்தம்’ என்று சொல்லிக்கொடுத்த அப்பா ஞாபகம் வந்தார். சீட்டியடித்துக்கொண்டே சவரம் செய்துகொள்கிற மாமா ஞாபகம் வந்தார். இருவரும் சத்தம் போட்ட அந்த ராத்திரியில் என்ன பேசினார்கள் என்பது மட்டும் வரவில்லை.

மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. சீனிவாசராகவன் தொண்டையைச் செருமினார். “அம்மா, நான் இடையில பேசறேன்னு நெனச்சுக்கப்படாது. கேட்டலாக்ல ஒரு காகிதத்துக்கு ஒரு எடம்தான். கடிதம்னு போடறதா, கதைன்னு போடறதா? இல்ல...” மூன்றாவது வகையின் பெயர் அவர் வாயில் வரவில்லை. “உங்க குடும்பத்துக் காகிதம். நீங்க சொல்றதுதான்.”

“பதினாலு நாவல் படிச்சவரு,” என்று ஜோசஃபின் ஸ்ரீகண்டனைப் பார்த்தாள். “நாலாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சுடுவேன்னு சொல்வீங்களே. சொல்லுங்க.”

ஸ்ரீகண்டன் ‘உ’வை முதல் ‘க’வுக்குக் கீழே வைத்துப் பார்த்தான், ஒரு சிநேகிதனுக்கு எழுதிய வேடிக்கைக் கடிதம். இரண்டாவது ‘க’வுக்குக் கீழே வைத்துப் பார்த்தான், ஒரு கொலைகாரனின் வாக்குமூலம். அதே வரிகள்தான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

“தெரியல மிஸ்,” என்றான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னான்.

ஜோசஃபின் பையைத் திறந்து பட்டியலை எடுத்தாள். அம்மாவின் கையெழுத்தில் நாலு பெயர். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அப்பாவின் பெயருக்குக் கீழே ‘ரெமிஜியஸ்’ என்று எழுதினாள்.

“ஐயோ, இருங்கோ!” ஸ்ரீகண்டன் பதறினான். “அது கதையாவே இருந்தா? உங்க மாமா ரங்கூன்ல உயிரோட இருந்தா?”

“உசுரோட இருந்தா, என் பேரை ஏண்டி படிக்க வச்சேன்னு வந்து என்னை அறையட்டும். அப்படியாவது வரட்டுமே.” மசி காய ஊதினாள். “பதினேழு வருஷம் எங்கம்மா அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. காத்துக்கிட்டு மட்டும் இருக்காங்க. போதும். எழுதுனதுக்கு ஒரு அழுகையாவது அழுதுட்டுப் போகட்டும்.”

“பூசையில பேரைக் கேட்டதும் உங்கம்மா திரும்பிப் பாப்பாளே. அவன் செத்தான்னு உனக்கு யாருடி சொன்னான்னு கேப்பாளே!”

“கேப்பாங்க. கேட்டா எங்கப்பா எழுதுனத அவங்க கையிலயே குடுத்துடப் போறேன். முதல் பக்கம், ரெண்டாம் பக்கம், ரெண்டும். அவங்க புருஷன், அவங்க தம்பி. அவங்களே படிச்சுக்கட்டும்.” அவள் ‘உ’ தாளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். “கேட்டலாக்ல ‘குடும்பத்தாரிடம்’னு போட்டுக்குங்க சார். அந்த முதல் பக்கத்த எடுங்க ஸ்ரீகண்டன், நேரமாச்சு.”

“எந்த முதல் பக்கம்?”

வாசலில் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்திருந்த ஜட்கா வண்டிக்காரன் நேரமாகிறது என்று மணியை அடித்தான். நீட்டிய கையோடு ஜோசஃபின் நிற்கிறாள். ஸ்ரீகண்டனின் வலது கையில் ஒரு ‘க’, இடது கையில் ஒரு ‘க’. அவன் சீனிவாசராகவனைப் பார்க்கிறான். அவர் உத்தரத்தைப் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த மூன்று பேரும் மத்தியானம் முழுக்கப் பட்ட பாட்டை நோரா மிச்ச ஆயுள் முழுக்கப் பட வேண்டியிருக்கும். ஒன்றைத்தான் கொடுக்க முடியும். நீங்களும்தான் இரண்டையும் வரி விடாமல் படித்துவிட்டீர்களே, வண்டி கிளம்புவதற்குள் சட்டென்று சொல்லுங்கள்: எந்தக் கையை நீட்டச் சொல்வீர்கள்?